கேட்டு வரைக்கும்

என் அப்பாவுக்கு இந்த நகரத்தில் தெரியாத இடம் கிடையாது. வாசல் கேட்டு வரைக்கும் தெரியும். ராயப்பேட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய காலம் முழுக்கக் கடற்கரை, பூங்கா, கச்சேரி சபா, பொருட்காட்சி என்று ஊரையே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டவர். தான் மட்டும் எங்கேயும் இறங்கியதில்லை. இறங்கினால் வண்டியை யார் பார்த்துக்கொள்வது?

கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை, வெளியே வருகிறவர்களைப் பார்த்து அவரே முடிவு செய்துகொண்டார். சின்ன வயதில் அவரிடம் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறேன்.

"மண்ணா இருக்கும்" என்றார். "சீட்டெல்லாம் மண்ணு. பெருக்கிக் கொட்டவே அரை நாள் ஆவும்."

பூங்கா என்றால் அவருக்கு சீட்டில் வழிந்த ஐஸ்கிரீம். சபா என்றால் தூக்கக் கண்ணோடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வரும் மாமாக்கள். தி.நகர் என்றால் பைகள், அவற்றுக்கு நடுவில் எங்கேயோ ஒரு மனுஷி.

பிறகு சர்க்கரை அவருடைய இடது கண்ணில் திரை போட்டது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ அதே ஸ்டாண்டில் இன்னொருவருக்குக் கைமாறியது. அப்பா டி.வி.க்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதலில் ஓய்வு என்று நினைத்தோம். பால் வாங்கக்கூட வாசலைத் தாண்டவில்லை என்று தெரிந்தபோது அம்மா பயந்துவிட்டாள். முடி வெட்டுவதற்குக்கூட கடைக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

அம்மா ஆழ்வார்பேட்டையில் ஒரு தையல் கடையில் ஹெம்மிங் அடிக்கிறாள். அவளிடம் எனக்கென்றே தீட்டி வைத்திருக்கும் ஓர் ஆயுதம் உண்டு.

"படிச்சவன்தானே நீ? ஏதாச்சும் பண்ணு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் போய் முழுசாகத் திரும்பி வந்த முதல் ஆள் நான். அதனால் கேஸ் புக்கிங், மாத்திரை அட்டை, ஃபேன் ஓடும்போது வரும் சத்தம் எல்லாமே என் இலாகா. இப்போது அப்பாவும் என் இலாகாவுக்கு வந்து சேர்ந்தார்.

நான் தமிழ் படித்தவன். தேனாம்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வழிகாட்டி நூல்கள் போடும் அலுவலகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். ஆண்டுக்குப் பெரும்பொழுது ஆறு என்ற பாடத்தை வருஷா வருஷம் திருத்தித் திருத்தி அதை உண்மை என்றே நம்பிவிட்டேன். ஒவ்வொரு பருவத்திலும் அப்பாவை ஓர் இடத்துக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். அப்போது சித்திரை. வெயில் தாழ்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ப்பா, இளவேனில் ஆரம்பிச்சிடுச்சு. பீச்சுக்குப் போலாமா?"

"இன்னா ஆரம்பிச்சிச்சு?"

ஆறு பருவங்களையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆறு இல்ல, நைனா. நாலுதான். கல்யாண சீசன், பரிச்ச சீசன், தீவாளி சீசன், கச்சேரி சீசன். நடுவுல மழ வந்தா அது போனஸு. நீ எவன்கிட்ட படிச்ச?"

"சரி, பீச்சுக்கு வர்றியா?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மா எவனாச்சும் பீச்சுக்குப் போவானா?" என்று கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். போகிறவர்களைத் தினம் தினம் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனிதர்!

கோபத்தோடு வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். எங்கள் சந்தில் எதிர்வீட்டு பாய் ஆட்டோ சீட்டுக்குக் குஷன் தைப்பவர். அப்பாவின் பழைய சிநேகிதர். ஊசியில் நூல் கோத்தபடியே, "சவாரி கெடக்கலியா?" என்று என்னைக் கிண்டல் செய்தார். அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ போய்த் தட்டியது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். உள்ளே போகவில்லை. வெளியிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"பெசன்ட் நகர் வருமா?"

அப்பா திரும்பவே இல்லை. "கோயில் பக்கமா, சர்ச்சு பக்கமா?" என்றார். அவர் கை ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தது. ஒரு கை சட்டைக்குள் போன பிறகு, இன்னொரு கை பக்கத்து ஆணியில் சாவியைத் தேடியது. அங்கே சாவி இல்லை. சமையலறையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

சாவி இல்லாத ஆணியை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"திருட்டுப் பையா" என்றார். சட்டையை மட்டும் கழற்றவில்லை. மீதிப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு வந்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

வண்டியை ஓட்டியது நான்தானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். பின்னாலிருந்து, "லெப்ட்ல ஒடி... ஒடிடா... ஆரன் அடி... அந்தப் பொம்பள வரும் பாரு, வரும் பாரு, வந்துச்சா?" என்று அடையாறு தாண்டும் வரை அவர்தான் ஓட்டினார். பெசன்ட் நகரில் வண்டியை நிறுத்தினேன். கடல் காற்று முகத்தில் அடித்தது. நான் இறங்கினேன். அப்பா அசையவில்லை.

"இறங்குப்பா."

"நீ போய்ட்டு வா. நான் வெய்ட்டிங்ல கீறேன்."

கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், ஸ்கூட்டருக்குப் பூட்டு இருப்பதைக் காட்டிப் பார்த்தேன். "பூட்டு கீது. ஆளு இல்லியே" என்றார். வேறு வழியில்லாமல் நான் மட்டும் போய் அலையில் கால் நனைத்தேன். திரும்பும்போது மாங்காய்க் கீற்று மிளகாய்த்தூள் போட்டு வாங்கி வந்து கொடுத்தேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தின்றார். "நல்லா கீது கடலு" என்று மாங்காயைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆவலாக விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நல்லா கீதுடா உன் படிப்பு! இங்க சேர்ல உக்காந்துகினு இருந்தாரு, அங்க வண்டில உக்காந்துகினு வந்தாரு. அந்தாளு கால் தரையில படணும். அதச் செய்."

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போது துல்லியமாகத் தெரிந்துவிட்டது. எப்படிச் செய்வது என்பதுதான் எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆடி மாதம் முதுவேனிலின் கணக்கில் வருகிறது. அலுவலக நண்பனிடம் பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு, காலை வேளையில் அப்பாவை அடையாற்றுப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். பாலத்துக்குக் கேட்டு கிடையாது என்பது என் கணக்கு. ஆடிக்காற்று சட்டையை உப்ப வைத்தது. அப்பா ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து பைனாகுலரை வாங்கினார்.

"எனக்கு எதுக்கு ரெண்டு ஓட்ட? ஒண்ணு போதும்" என்று வலது கண்ணில் மட்டும் வைத்துக்கொண்டார்.

தூரத்தில் சேற்றுத் திட்டில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம். "அதெல்லாம் கூழைக்கடாப்பா" என்றேன்.

"பேரே வையற மாதிரி கீது." நீண்ட நேரம் பார்த்தார். "அது பாலிதீன் கவுருடா."

"பறவைப்பா."

"கவுரு. காத்துக்கு ஆடுது பாரு."

அந்த நேரம் கூட்டத்தில் பாதி எழுந்து பறந்தது. மீதிப் பாதி பறக்கவில்லை. காற்றுக்கு ஆடிக்கொண்டு அங்கேயே கிடந்தது. நான் ஜெயித்தேன் என்று நானும், தான்தான் ஜெயித்ததாக அவரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தோம். ஆனால் கால் தரையில் படவில்லை.

கார்காலம் என் அலுவலக வேலையிலேயே போய்விட்டது. ஐப்பசியில் ஒரு தடவை பட்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆழ்வார்பேட்டை மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டிகள் அங்கே நின்றிருந்தன. சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், கல்லூரிப் பெண்கள், காய்கறிப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஒருவர். அப்பா தானாக இறங்கினார். யாரிடமோ தீப்பெட்டி வாங்கி யாருக்கோ கொடுத்தார். ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்று ஒரு கூட்டத்துக்கே தீர்ப்புச் சொன்னார். சைக்கிளில் டீ விற்பவர் வந்தபோது எனக்கும் சேர்த்து வாங்கினார். மழை விட்டபோது அவர் முகம் கொஞ்சம் வாடியதுகூட. எனக்குப் பொறாமையாக இருந்தது. எல்லோரும் காத்துக்கொண்டு நிற்கிற இடமென்றால் அவருக்கும் நிற்கத் தெரிகிறது. எதற்காகவும் காத்திராமல் நிற்கத்தான் தெரியவில்லை.

மார்கழியில் என் தந்திரம் கொஞ்சம் கூர்மையடைந்தது. அவரை உள்ளே இழுக்கச் சங்கீதம் உதவாது, சாப்பாடு உதவும். மயிலாப்பூரில் ஒரு சபாவின் கேன்டீனுக்கு டிக்கெட் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம் என்று வீட்டில் அடிக்கடி சத்தமாகச் சொல்லிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி, வாசல் கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து இருவரும் நடந்தோம். ஸ்கூட்டரை வேண்டுமென்றே எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ள வண்டி இல்லை என்றால் என்ன செய்வார் பார்க்கலாம் என்று.

கேட்டருகில் கால் தயங்கியது. "வாசம் பாரு" என்றேன். கீரை வடையின் வாசனை. அப்பா கேட்டைத் தாண்டினார். சத்தியமாகத் தாண்டினார். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்தோம், இலை வந்தது, வடை வந்தது. பாதி வடையைத் தின்றிருப்பார். பட்டுப்புடவையில் ஒரு வயசான மாமி எங்கள் மேஜை அருகே வந்து நின்றார்.

"ஏம்ப்பா, நீங்க நம்ம ஆட்டோக்காரர்தானே? எத்தனை நாளாச்சு பார்த்து! நல்ல வேளை. நான் ஒரு வாய் காபி சாப்ட்டுண்டு வந்துடறேன். வெளில நில்லுங்கோ, ஆத்துல விட்டுடுங்கோ."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "வாங்கம்மா, நிக்கிறேன்" என்று பாதி வடையை இலையிலேயே விட்டுவிட்டு விறுவிறு என்று கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "வண்டியே இல்லியேப்பா!"

"தெரியும், தெரியும்" என்றார். தெருவில் போன ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். அந்த டிரைவரிடம், "வயசானவங்க. பள்ளத்துல எறக்காத. ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி வந்ததும் ஏற்றி உட்காரவைத்து, புடவை நுனி வெளியே தொங்குகிறதா என்று பார்த்து அனுப்பினார். மாமி கையை ஆட்டினார். அவருக்குக் கடைசி வரை ஒன்றும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் திரும்பிப் போனபோது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு வடை சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

வீட்டுக்குப் பஸ் பிடித்தோம். இறங்குவதற்கு முன் சொன்னார்: "உள்ள போனா இதான் நைனா. வெளிய நின்னு வண்டின்னு கூப்ட்டா அங்க யாரு இருப்பா?"

தை முழுவதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று, "கிண்டி வருமா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "ஸ்டாண்டுல கேளு" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சந்தில் போகும்போது பாய்கூட என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு ரொம்பக் கவலையாக இருந்தது.

மாசியில் அம்மா பொறுமை இழந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, முகம் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து டி.வி.யை அணைத்தாள்.

"படிச்சவன் கிழிச்சது போதும். நான் பீச்சுக்குப் போறேன். வர்றவங்க வரலாம்."

"நீ எதுக்கு பீச்சுக்கு?" என்றார் அப்பா.

"எனக்குக் கடல் பாக்கணும். உன்னக் கட்டிக்கினு வந்ததுலேர்ந்து ராயப்பேட்டையவே பாத்துகினு கெடக்குறேன்."

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். மூவரும் பஸ்ஸில் போனோம். அப்பா டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் தானும் காலை அழுத்தினார்.

பின்பனிக் காலத்து மாலை வெயில் மஞ்சள் தூவிய மாதிரி மணல்மேல் கிடந்தது. கொஞ்சம் வயிறு நிறைந்த மாதிரி மெதுவாகப் புரண்டது கடல். அம்மா யாரையும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக அலைக்குப் போனாள். நானும் செருப்பைக் கழற்றினேன். அப்பா, ஈர மணல் ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். வண்டி இல்லை, கேட்டு இல்லை, பூட்டு இல்லை. எதைச் சொல்வார் என்று பார்த்தேன்.

"போங்க, போங்க" என்றார். "செருப்ப நான் பாத்துக்கறேன்."

இரண்டு ஜோடிச் செருப்புகளையும் நேராக ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி வைத்தார். ஸ்டாண்டில் வண்டி நிற்கிற வரிசை. தானும் பக்கத்தில் நின்றார்.

"அய்ய, யாருக்கு வேணும் அந்தச் செருப்பு?" என்று அம்மா தண்ணீரிலிருந்து கத்தினாள்.

"உன்னுது புதுசு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். என்னிடம் இருந்த ஆறு பருவங்களும் அங்கே தீர்ந்துபோயின.

அப்போதுதான் அந்த அலை வந்தது. மற்றவற்றைவிடப் பெரியது என்றெல்லாம் இல்லை. கொஞ்சம் நீளமானது, அவ்வளவுதான். அம்மாவின் கால்களைத் தாண்டி, என்னைத் தாண்டி, நுரையோடு மேலே ஏறி, அப்பாவின் வரிசையைக் கலைத்துவிட்டுப் பின்வாங்கியது. மூன்று செருப்புகள் மணலில் புரண்டு கிடந்தன. நான்காவது, அம்மாவின் வலது செருப்பு, தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டோவில் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போனால், குடையோ டிபன் பாக்ஸோ, வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அவர் பொறுப்பில் இருந்த ஒரு சாமான் அதுவரை தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏய்! ஏய்! நில்லு!" என்று கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டு அப்பா ஓடினார். பேண்ட்டை மடிக்கவில்லை. முழங்கால் வரை போய், இன்னும் ஒரு எட்டு வைத்து, அடுத்த அலையில் இடுப்பு வரை நனைந்து, குனிந்து, துழாவி, தண்ணீருக்குள்ளிருந்து எதையோ உயரத் தூக்கிப் பிடித்தார்.

அம்மாவின் செருப்பு இல்லை. பூப்போட்ட சின்ன ரோஸ் செருப்பு. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

"இது யாருதுடா?" என்றார்.

"தெரியலப்பா. போட்டுட்டு வா."

"போட்டுட்டு வர்றதா? எந்தப் புள்ள அழுதுகினு கீதோ!"

அதற்குப் பிறகு நடந்ததை நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. சொட்டச் சொட்ட நனைந்த பேண்ட்டோடு, கையில் ரோஸ் செருப்பைப் பிடித்துக்கொண்டு, அலை ஓரமாகவே அப்பா நடந்தார். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தினார். "மேடம், புள்ள செருப்பு ஏதாச்சும் வுட்டுட்டீங்களா?" குதிரைக்காரரிடம் கேட்டார். சோளம் சுடுகிறவரிடம் கேட்டார். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த காதலர்களைப் பிரித்து நடுவில் நின்று கேட்டார். அந்தப் பையன் பயத்தில் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"உங்கப்பா கால் தரையில படணும்னுதானே கேட்டேன்" என்றாள் அம்மா மூச்சு வாங்கியபடி. ஒரு காலில் செருப்போடு அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். "இப்டி ஓட வுடுன்னா சொன்னேன்?"

கடைசியில், மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்னப் பெண் ஒரு காலில் ரோஸ் செருப்போடும் ஒரு வெறுங்காலோடும் உட்கார்ந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா" என்று அப்பா வெற்றியோடு நீட்டினார். "கடல் எடுத்துகினு போயிடுச்சு. புடிச்சுக் கொண்டாந்துட்டேன்."

அந்தக் குழந்தை செருப்பைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. அதற்கு நன்றி சொல்லும் எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை.

"அது போவல" என்றது. "நான்தான் போட்டேன்."

"போட்டியா? இன்னாத்துக்கு?"

"திருப்பிக் குடுக்குதான்னு பாத்தேன்."

குழந்தையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, ஏற்கெனவே ரெண்டு வாட்டி போட்டுட்டா, அண்ணே. விடுங்க, குடுத்துறாதீங்க..."

அவர் சொல்லி முடிக்கும் முன்னால், குழந்தை அப்பாவின் கையிலிருந்து செருப்பை வாங்கி, தண்ணீர் வரைக்கும் ஓடிப்போய், முழு பலத்தோடு வீசிவிட்டது. வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, இப்போது என்ன செய்வாய் என்பதுபோல அப்பாவை நிமிர்ந்து பார்த்தது.

அப்பா குழந்தையைப் பார்த்தார். நுரையில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த ரோஸ் செருப்பைப் பார்த்தார். அவருடைய தொண்டைக்குள் ஒரு சத்தம் கிளம்பியது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. இடது கண்ணிலும் வலது கண்ணிலும் தண்ணீர் வர வர, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எங்கள் சந்திலேயே கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.

"சரியான ஆளு நீ" என்றார் குழந்தையிடம். பிறகு, நனைந்து கனத்துப்போன பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. இருவருமாக அலைக்குள் நடந்தார்கள்.

அம்மா மீதி ஒற்றைச் செருப்பையும் கழற்றினாள். அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். "ஒண்ணு போயிடுச்சு, இத வெச்சுகினு இன்னா பண்ண?" என்று அவளும் வீசினாள்.

"ப்பா!" என்று கத்தினேன். "இன்னொண்ணு வருது!"

"பாத்துகினு இன்னாடா நிக்கிற?" என்று தண்ணீருக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வந்து புடி!"

நான் பேண்ட்டை மடித்தேன்.